அம்மா கிரகணத்துக்கு முன்பே எழுதி வாங்கியது

ருஷ்யாக்காரன் விட்ட செயற்கை நிலாவை 1957 அக்டோபரில் மலாக்காவின் காஜா பெராங்கில் பார்க்காதவர்களே கிடையாது. என் அப்பா ராஜரத்தினம் தெங்கேரா கடற்கரையில் நின்று பார்த்தார். மளிகைக்கடை சேதுராமன் தன் கடையின் பின்கட்டிலிருந்து பார்த்தார். முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தாராம், அதுவும் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுக்காமல். பார்க்காதவள் என் அம்மா ஒருத்திதான்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டாள், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று. ஒருவர் கடலிலிருந்து கரைக்கு என்றார். ஒருவர் கரையிலிருந்து கடலுக்கு என்றார். அப்பா நேராகத் தலைக்கு மேலே என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

"மூணு பேரு மூணு திசை காட்டுறீங்க. ஒண்ணு, அவன் மூணு நிலா விட்டிருக்கணும். இல்லாட்டி உங்கள்ல ரெண்டு பேராவது பத்து பெரெண்டாம் ஏர்போர்ட்டு பிளேனைப் பாத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் அம்மா.

"அப்ப ருஷ்யாக்காரன் விடலன்னு சொல்றியா?" என்று சேதுராமன் சீறினார்.

"விடலன்னு நான் எப்பண்ணே சொன்னேன்? நான் பாக்கலன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?"

அப்போது எனக்கு ஒன்றரை வயது. ஆகவே இதை நான் கேட்டதாகச் சொல்ல மாட்டேன். அப்பா சொல்லித் தெரியும். அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எது கண்டது, எது கேட்டது என்று பிரித்துச் சொல்லாமல் போனால் அவளுக்கே பிடிக்காது.

அம்மாவின் பெயர் சிவகாமசுந்தரி. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்த பிறகு தையல் கற்றுக்கொண்டாள். முன் அறைச் சன்னலோரத்தில் கால்மிதித் தையல் இயந்திரம், அதன் பக்கத்தில் துணி வெட்டும் மேசை. மலாய்க்காரப் பெண்களுக்கு பாஜு கூரோங், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை, கம்போங் செட்டியிலிருந்து வரும் பெண்களுக்கு கெபாயா என்று கை ஓயாது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அளவு எடுத்ததும் நோட்டில் எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, அதன் கீழே வாடிக்கைக்காரியின் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கிவிடுவாள். அதற்குப் பிறகுதான் கத்தரி துணியில் படும். ஒரு மாதம் கழித்து இடுப்பு பிடிக்கிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால், நோட்டைத் திறந்து காட்டுவாள். உடம்பு பெருத்துக்கொண்டு தையல்காரியைக் குறை சொல்லும் ஜாதி எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கெல்லாம் அம்மாவின் நோட்டு எமன்.

அந்த நோட்டில் ஒரு நாள் சட்டை அளவு அல்லாத வேறொன்றும் ஏறியது. அதற்குக் காரணம் என் உதடு.

நான் 1956 பிப்ரவரியில் பிறந்தபோது என் மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. மார்பில் பால் பிடிக்க வாய் கூடவில்லை. பாலைப் பீய்ச்சிக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊற்றித்தான் அம்மா என்னைப் பிழைக்க வைத்தாள். பிழைத்தேன். ஆனால் ஏன் இப்படிப் பிறந்தேன் என்பதற்கு, நான் பிறந்த நாளே வீட்டில் தீர்ப்பு தயாராக இருந்தது.

தீர்ப்பு சொன்னவள் கோகிலா அத்தை, அப்பாவின் அக்காள். இளம் வயதிலேயே கணவனை இழந்தவள்; தாய் தகப்பன் போன பிறகு அப்பாவை வளர்த்து ஆளாக்கியவள். பஸ் கண்டக்டரான அப்பா வெளியில் நூறு பேரை அதட்டுவார். வீட்டில் அக்காள் ஒரு பார்வை பார்த்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

"டிசம்பர் மாசம் சூரியனைப் பாம்பு புடிச்சிருக்கு. வயித்துப் புள்ளக்காரி அறையில அடங்கிக் கெடக்காம, பள்ளிக்கூடத்துச் சட்டை வெட்டுறேன்னு கத்தரியை எடுத்தா. அங்க துணியை வெட்டினா. இங்க புள்ளையோட உதடு வெட்டிப்போச்சு" என்றாள் அத்தை.

அம்மா அன்று வெட்டியது உண்மை. ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் இருபது சட்டை கொடுக்க வேண்டியிருந்தது. அவள் மறுக்கவில்லை. ஆனால் நம்பவுமில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா என் வாயைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னாராம். ஒன்று, இதைத் தைத்துச் சரிசெய்யலாம், பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஆள் இருக்கிறார், தகப்பன் கையெழுத்து வேண்டும். இன்னொன்று, வயிற்றில் பிள்ளைக்கு உதடு கூடுவது இரண்டாம் மாதம் முடிவதற்குள். அதற்குப் பிறகு யார் எதை வெட்டினாலும் உதட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அம்மா பறந்து வந்தாள் வீட்டுக்கு. டிசம்பரில் நான் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை! உதடு கூடவேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கத்தரிக்கும் உதட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோருக்கும் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.

அத்தை சேதுராமனைக் கூப்பிட்டு அனுப்பினாள். பஞ்சாங்கம் அவர் கடையில்தான் இருந்தது. பெயர் வைக்க, வீடு குடிபுக, பல்லி விழுந்த பலன் பார்க்க எல்லாம் அவர்தான். அவர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"ஆனி மாசமும் ஒரு கிரகணம் வந்திருக்கே! அப்ப இவளுக்கு ரெண்டாம் மாசம். அதான். டிசம்பர் இல்ல, ஆனிதான்."

"ஆனி மாசம் அன்னைக்கு நான் என்ன வெட்டினேன்?" என்று அம்மா கேட்டாள்.

யாருக்கும் நினைவில்லை. அத்தைக்கு இல்லை, அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கே இல்லை. ஆனாலும் எதையோ வெட்டியிருக்கிறாள் என்பது மட்டும் அந்த வீட்டில் உறுதியாகிவிட்டது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். அம்மாவுக்கோ அன்றைக்குத்தான் கண் திறந்ததாம். "அவங்க பொய் சொல்லல விஜயா. நடந்ததுக்கு அப்புறம் அளவு எடுக்கிறாங்க. சட்டை எப்படி இருந்தாலும் அளவு சரியாத்தான் வரும்" என்பாள்.

அப்பா கையெழுத்துப் போடவில்லை. "அக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். அக்காள் சொன்ன வார்த்தை இது: "கிரகணம் போட்ட வெட்டு அது. அதுமேல இன்னொரு கத்தி பட்டா புள்ள தங்காது." இரண்டு வருடம் இப்படியே போனது. எனக்குப் பேச்சு வந்தது. ஆனால் நான் பேசியது அம்மாவைத் தவிர யாருக்கும் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் கையிலிருக்கும் கத்தரியைப் பார்ப்பார்கள்.

1958 ஏப்ரலில் அம்மாவுக்கு மறுபடி நாள் தள்ளிப் போயிருந்தது. சரியாக இரண்டாம் மாதம். அந்த மாதம் பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை காலையில், சூரிய கிரகணம் என்று சேதுராமன் சொல்லியனுப்பினார். அதற்கு அடுத்த ஓரிரு நாளில் நோன்புப் பெருநாள். மேசைமேல் தெங்கேராவிலிருந்து வந்த பாஜு துணிகள் மலைபோலக் கிடந்தன.

இந்தத் தடவை அம்மா எகிறுவாள், கத்தரியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று வெட்டுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அத்தையையும் சேதுராமனையும் முன் அறையில் உட்காரவைத்து, அளவு நோட்டைத் திறந்தாள்.

"நான் அடங்கி உக்கார்றேன். என்னென்ன செய்யணும், என்னென்ன செய்யக்கூடாது, எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லுங்க. அப்புறம் புதுசா ஒண்ணும் சேக்கக்கூடாது."

சேதுராமன் உற்சாகமாகச் சொன்னார். இருட்டறை. வெளிச்சக் கீற்று விழக்கூடாது. கத்தி, கத்தரி, ஊசி தொடக்கூடாது. பாக்கு வெட்டக்கூடாது, நகம் கிள்ளக்கூடாது. சாப்பிடக்கூடாது, தூங்கக்கூடாது. கிரகணம் விட்ட பிறகு தலைக்குக் குளிக்க வேண்டும். அம்மா ஒவ்வொன்றையும் எழுதினாள்.

"இத்தனையும் செஞ்சா புள்ள முழு உதட்டோட பொறக்குமா?"

"பொறக்காம எங்க போகும்?"

"பொறக்கலன்னா?"

அத்தைக்குக் கோபம் வந்தது. "வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? அப்படிப் பொறந்தா கிரகணமும் இல்ல ஒண்ணும் இல்லன்னு நானே ஒத்துக்கறேன். விஜயாவை நானே இடுப்புல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றேன். ஆனா புள்ள நல்லாப் பொறந்துச்சுன்னா, நீ பரிகாரம் பண்ணிட்டு, ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

அத்தை கைநாட்டு வைத்தாள். சேதுராமன் வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டார்.

இது நியாயமான பந்தயமே இல்லை. கத்தரி பிடித்தவளோ இருட்டில் உட்கார்ந்தவளோ, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் மேலே முழு உதட்டோடுதான் பிள்ளை பிறக்கிறது. ஒரு பிள்ளைக்கு இப்படி வந்த வீட்டில் இன்னொன்றுக்கும் வர கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், அதுவும் கொஞ்சம்தான். அம்மா தோற்பதற்கே எல்லா வழியும் இருந்தது. அவளுக்கும் இது தெரியும். ஆனால் இந்த ஒரு கதவைத் தவிர அவளுக்கு வேறு கதவு யாரும் திறந்து வைத்திருக்கவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. என் உதடு தைக்கப்பட வேண்டுமானால், வயிற்றிலிருக்கும் பிள்ளையின் உதடு பிளந்திருக்க வேண்டும். "ஒவ்வொரு நாளும் தோத்துப்போகணும்னுதான் வேண்டினேன். கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். எந்தச் சாமி என்று கேட்டேன். "எல்லாச் சாமியும். எது கேக்கும்னு எனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

கிரகணத்தன்று விடிந்ததும் எழுந்து மிச்சத் துணிகளை வெட்டி அடுக்கினாள். தைப்பதற்கு கம்போங் செட்டி அஞ்சலையை வரச்சொல்லியிருந்தாள். அஞ்சலை நம்மைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான், பேச்சு மட்டும் மலாய். அம்மா கத்தரி, ஊசி, குண்டூசி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு அத்தையிடம் கொடுத்தாள். அத்தை சன்னலுக்குக் கம்பளி கட்டி, கதவுச் சந்தில் துணி அடைத்து, அம்மாவை உள்ளே அனுப்பினாள். ஒரு நிமிடம் கழித்துக் கதவு திறந்து ஒரு கை வந்தது.

"அண்ணி, இந்த ஊக்கையும் வச்சுக்குங்க. ஜாக்கெட்ல இருந்துச்சு. அப்புறம் ஊக்கு குத்திடுச்சுன்னு சொல்லக்கூடாது."

அத்தை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். நான் அவள் மடியில் இருந்தேனாம்.

வெளிச்சம் மங்கியது. கோழிகள் குழம்பின. திடீரென்று முற்றத்திலிருந்து அஞ்சலை கத்தினாள்: "தெங்கோ! தெங்கோ சினி!" இங்கே பாருங்கள் என்று மாமரத்தடியைக் காட்டினாள். இலைகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் வட்டமாக இல்லாமல் பிறை பிறையாகக் கிடந்தன.

"என்னண்ணி அங்க?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"மரத்தடியில வெளிச்சம் எல்லாம் பிறையாட்டம் கெடக்கு சுந்தரி. நூறு இருக்கும்."

"எல்லாப் பிறையும் ஒரே பக்கம் பாத்திருக்கா, வேற வேற பக்கமா?"

அத்தை இருந்த இடத்திலிருந்தே எட்டி நன்றாகப் பார்த்தாள். "எல்லாம் ஒரே பக்கம்தான்."

"மெலியுதா, தடிக்குதா?"

"மெலியுது. இரு... இப்ப நின்னுருக்கு. இப்ப தடிக்குது."

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டிருந்தாள். கண்ணால் பார்க்காத எதையும் பார்த்தேன் என்று சொல்லாதவள், பார்க்கக் கிடைத்த ஒன்றைப் பார்க்க முடியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கம்பளி ஓரத்தை ஒரு விரல் அளவு தூக்கியிருந்தால் போதும். தூக்கவில்லை. தூக்கியிருந்தால் எழுதி வாங்கியதெல்லாம் வீணாகியிருக்கும். அத்தையோ கேட்ட கேள்விக்கெல்லாம் பார்த்ததைப் பார்த்தபடி, ஒன்று கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தைக்கு அந்தக் குணம் இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்ததாக அம்மா சொல்வாள்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் தம்பி பிறந்தான். அவனுக்கு உதடு இரண்டு பக்கமும் பிளந்திருந்தது. என்னுடையதைவிட மோசம்.

மருத்துவச்சி துணியில் சுற்றிக் கொடுத்தபோது அம்மா ஒரு முறை பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் அப்படியே கிடந்தாள். கரண்டியால் பால் ஊட்டுவதற்கு மட்டும் எழுந்தாள். நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தை அடுப்படியைவிட்டு வரவில்லை.

முப்பதாம் நாள் பெயர் வைக்க உறவும் அக்கம்பக்கமும் வந்தார்கள். பிள்ளையைப் பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சேதுராமன் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சு. ஆனா பாருங்க, இவ மனசுல நம்பிக்கை இல்ல. சோதிக்கிறதுக்குன்னே உக்காந்தா. நம்பாம உக்காந்தா எப்படிப் பலிக்கும்?"

கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதில் அடுப்படி வாசலிலிருந்து வந்தது.

"அண்ணே, கதவுல உக்காந்திருந்தது நான்" என்றாள் கோகிலா அத்தை. "ஒரு கீத்து வெளிச்சம் உள்ள போகல. ஊசி இல்ல, ஊக்கு இல்ல. ஊக்கை அவளேதான் கழட்டிக் கொடுத்தா. நம்பிக்கை வேணும்னு அன்னைக்கு நீங்க சொல்லல. நோட்டை எடுத்துட்டு வரவா?"

"கோகிலா, நான் என்ன சொல்றேன்னா..."

"சொல்ல வேண்டியதை அன்னைக்குச் சொல்லியிருக்கணும். கையெழுத்துப் போட்டீங்கல்ல?"

யாரோ ஒரு பெண், அம்மாவைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "எப்படியோ சுந்தரி, நீதான் ஜெயிச்சே" என்று சொல்லித் தொலைத்தாள்.

அம்மா எழுந்தாள். "எவளாவது என்னை ஜெயிச்சேன்னு சொன்னீங்கன்னா நடக்கிறது வேற! என் புள்ள வாயைப் பாத்துட்டுச் சொல்றீங்களா இதை? நான் தோத்திருந்தா இவன் பால் குடிச்சிருப்பான். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். புள்ளைங்களைப் பாருங்க, என் கையைப் பாக்காதீங்க. இனிமே இந்த வீட்டுக்குள்ள வந்து எவளாவது என் கத்தரியைப் பாத்தா, அந்தக் கத்தரியாலயே பேசுவேன்."

சாப்பாடு பாதிப் பேருக்கு இறங்கவில்லை. சேதுராமன் சாப்பிடாமலே போனார்.

மறுவாரம் அப்பா லீவு போட்டார். தம்பியை அம்மா தூக்கிக்கொண்டாள். என்னைச் சொன்னபடியே அத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அத்தை கைப்பிடியின் இறுக்கமும் ஆஸ்பத்திரி மருந்து நெடியும் எனக்கு நினைவிருக்கின்றன. இரண்டே முக்கால் வயதில் அது சாத்தியமா என்று கேட்பீர்கள். சந்தேகம்தான். சந்தேகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு எழுதினாள். பெயர், வயது, தகப்பன் பெயர். அப்பா கையெழுத்துப் போட்டார், அக்காளைக் கேட்காமலே. அடுத்து மிஸ்ஸி கேட்டாள்:

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி உதடு இருந்துச்சா?"

"என் பக்கம் இல்ல" என்றாள் அம்மா.

"எங்க பக்கமும் இல்ல" என்றார் அப்பா.

அத்தை என்னை மறு பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இருந்துச்சு" என்றாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் உனக்கும் நடுவுல ஒருத்தன் இருந்தான் தம்பி. ஜாசின் தோட்டத்துல. எனக்கு அப்ப ஒம்பது வயசு. இதே வாய். பால் இழுக்க முடியல. பதினோரு நாள் இருந்தான்." அத்தை மூச்சு வாங்கினாள். "நம்ம அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்குனா. கிரகணத்துல எதையோ வெட்டிட்டான்னு தோட்டம் முழுக்க அவளை ஏசினாங்க. சாகுற வரைக்கும் ஏசினாங்க. அதான் சுந்தரி, நீயாவது அடங்கி இருக்கணும்னு உசிரை விட்டேன்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா இரக்கமா என்று அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவளால் வேறு மாதிரி இருக்க முடியாது.

"அந்த வருஷம் கிரகணம் எந்த மாசம் வந்துச்சு அண்ணி?"

அத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவள் அவள்.

"வரல சுந்தரி" என்றாள். "அந்த வருஷம் கிரகணமே வரல."